ஆயுள் முழுக்கக் கட்டுரை

கதை பிடிக்கும் என்று சொல்பவர்கள் உண்டு, கவிதை பிடிக்கும் என்பவர்களும் உண்டு. கட்டுரை பிடிக்கும் என்று சொல்பவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கட்டுரை என்றதும் பலருக்கு முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற உட்தலைப்புகளும் அடிக்கோடிட்ட மேற்கோள்களும்தான் நினைவுக்கு வருகின்றன. பள்ளி மாணவருக்கு அந்தச் சட்டகம் தேவை. எண்ணங்களை வரிசைப்படுத்த அது பழக்குகிறது. ஆனால் தேர்வறையை விட்டு வெளியே வந்தபின் நாம் விரும்பிப் படிக்கும் கட்டுரை வேறு வகையானது. ஒருவர் தமக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை, தாம் யோசித்த வழியிலேயே நம்மையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறார். அவர் எங்கே நின்றார், எங்கே சந்தேகப்பட்டார், எங்கே மனம் மாறினார் என்பதெல்லாம் எழுத்திலேயே தெரிகிறது.

இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்தப் போவது ஒன்றுதான். கட்டுரை மீதான பிரியம் ஆயுள் முழுக்க நீடிக்க வேண்டுமானால், படிப்பதையும் எழுதுவதையும் இரண்டு வேலைகளாகப் பிரிக்கக் கூடாது. படித்த கட்டுரைக்கு ஒரு பக்கமாவது பதில் எழுதுகிறவருக்கு அடுத்த கட்டுரை வேறு மாதிரி தெரியும். எழுதுவதை நிறுத்தியவரின் படிப்பும் கொஞ்ச காலத்தில் தலைப்புகளை மேய்வதாகச் சுருங்கிவிடும்.

எதிலிருந்து தொடங்குவது

புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் கையில் கொடுப்பது தொ. பரமசிவனின் ‘அறியப்படாத தமிழகம்’. உப்பு, எண்ணெய், உரல், உலக்கை, தாலி, மஞ்சள் என்று வீட்டுக்குள் கிடக்கும் பொருள்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் பின்னாலிருக்கும் சாதி, சடங்கு, வரலாறு எல்லாவற்றையும் சில பக்கங்களில் திறந்து காட்டும் புத்தகம். அதைப் படித்து முடித்தவர்கள் தங்கள் வீட்டு அடுக்களையைக் கொஞ்ச நாள் புதிதாகப் பார்ப்பார்கள். எழுத வருகிறவருக்கு அந்தப் பார்வைதான் முதலில் வேண்டும்.

அடுத்து உ.வே. சாமிநாதையரின் ‘நினைவு மஞ்சரி’. ஏடு தேடி அலைந்த நாட்கள், பழகிய வித்துவான்கள், கேட்ட சங்கீதம் என்று ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டுரையாக நிற்கும். 1855இல் பிறந்த அவர் ‘என் சரித்திர’த்தை ஆனந்த விகடனில் தொடராக எழுதத் தொடங்கியது 1940இல். எண்பத்தைந்தை நெருங்கும் வயது. 1942இல் அவர் மறைந்தபோது தொடர் முற்றுப்பெறவில்லை. எழுத ஆரம்பிக்க வயதாகிவிட்டது என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

ஏ.கே. செட்டியாரையும் விடக் கூடாது. காந்தியைப் பற்றிய ஆவணப் படத்துக்காகப் பல நாடுகளுக்குப் போய்ப் படச்சுருள் சேகரித்தவர், ‘குமரி மலர்’ இதழைப் பல ஆண்டுகள் நடத்தியவர். அவருடைய பயணக் கட்டுரைகளில் அலங்காரமே இருக்காது. பார்த்ததைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். இந்த அடக்கத்தைப் பழகிக்கொள்வது எளிதல்ல. மொழியை அள்ளிக் கொட்ட ஆசைப்படும் இளம் வயதில் அவரைப் படிப்பது மிகவும் நல்லது. மா. கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைகள் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற தொகுப்பில் கிடைக்கின்றன. ஊர்களைப் பற்றி எழுத விரும்புகிறவர்கள் அசோகமித்திரனின் ‘ஒரு பார்வையில் சென்னை நகரம்’ நூலைத் தேடிப் பிடியுங்கள். குரலை உயர்த்தாமலே ஒரு பேட்டையை நம் முன்னால் நிறுத்திவிடுவார்.

எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. உங்கள் மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகுங்கள். சென்னையில் கன்னிமாரா, அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் ஆகியவை இருக்கின்றன. அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்கள் பலவும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஈழத்து இதழ்களுக்கும் நூல்களுக்கும் ‘நூலகம்’ தளம்.

இரண்டாம் முறை படிப்பது

ஒரு நல்ல கட்டுரையை முதல் தடவை எந்த நோக்கமும் இல்லாமல் படியுங்கள். கையில் பென்சில் வேண்டாம். பிடித்திருந்தால் மறுநாள் பென்சிலோடு திரும்ப வாருங்கள். நூலகப் புத்தகமாக இருந்தால் ஒரு துண்டுத் தாளை ஓரத்தில் வைத்துக்கொண்டு அதில் குறியுங்கள். எழுதக் கற்றுக்கொள்வது பெரும்பாலும் இந்த இரண்டாம் படிப்பில்தான் நடக்கிறது. ஆகவே இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் பல ஆண்டுகளாகக் கையாளும் முறை இது. கட்டுரையில் வரும் ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் ஒரு எழுத்துப் போடுங்கள். எழுதியவர் தாமே கண்டதானால் ‘க’, பிறர் சொல்லக் கேட்டதானால் ‘கே’, படித்துத் தெரிந்ததானால் ‘ப’, அவருடைய யோசனையானால் ‘யோ’. மா. கிருஷ்ணனில் பக்கம் முழுவதும் ‘க’ நிரம்பும். ஒரு பறவை கிளையில் எப்படித் திரும்பி உட்கார்ந்தது என்பதை அவர் எந்தப் புத்தகத்திலிருந்தும் எடுக்கவில்லை. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ கட்டுரையில் ‘ப’ மிகுதி. தமிழ்ச் சமூகத்தில் காப்பி நுழைந்த கதையைப் பழைய இதழ்களிலிருந்தும் இலக்கியத்திலிருந்தும் திரட்டியிருக்கிறார். உ.வே.சா.வில் ‘க’வும் ‘கே’வும் பின்னிக் கிடக்கும். தொ.ப.வில் நாலும் கலந்து வரும், அதுவும் ஒரே பத்தியில்.

இப்படி ஐந்தாறு கட்டுரைகளுக்குக் குறிபோட்டுப் பார்த்தால் உங்களுக்கே ஒன்று புலப்படும். நம்மைக் கவரும் கட்டுரைகளில் ‘யோ’ நாம் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும். கருத்துச் சொல்லும் வரி ஒன்று வருவதற்கு முன்னால் கண்டதும் கேட்டதும் பலவாக வந்து அதைத் தாங்கி நிற்கும். பிறகு உங்கள் கட்டுரை ஒன்றுக்கும் அதே குறிகளைப் போட்டுப் பாருங்கள். எது குறைகிறது, அதற்கு எங்கே போக வேண்டும் என்று அந்தக் குறிகளே சொல்லிவிடும்.

அதே படிப்பில் கட்டுரை திரும்பும் இடத்தையும் கவனியுங்கள். ‘ஆனால்’ என்று வெளிப்படையாகவே சில இடங்களில் திரும்பும். சில கட்டுரைகளில் ஒரு சின்னச் சம்பவம் வந்து, அதுவரை சொன்னதை வேறு வெளிச்சத்தில் காட்டிவிடும். திருப்பமே இல்லாத கட்டுரை தகவல் குறிப்பாக நின்றுவிடுகிறது. திருப்பத்தைக் கண்டுபிடித்ததும் அந்தப் பத்தியைக் கையால் ஒரு முறை படியெடுங்கள். தட்டச்சு வேண்டாம். கை மெதுவாகத்தான் போகும், அதனால் வாக்கியம் எங்கே நீள்கிறது, எங்கே வினைமுற்றில் முடிகிறது என்பதெல்லாம் பிடிபடும்.

கடைசியாகப் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு பக்கம் எழுதுங்கள். பாராட்டுரையோ சுருக்கமோ வேண்டாம். உரலைப் பற்றிப் படித்தீர்களா? உங்கள் வீட்டு உரல் எங்கே போயிற்று, கடைசியாக அதில் என்ன ஆட்டினார்கள், யார் கை வலித்தது என்று எழுதுங்கள். படித்த கட்டுரை விட்டுவிட்ட இடத்தில் உங்களுக்குத் தெரிந்தது தொடங்குகிறது. என் கட்டுரைகள் பலவற்றின் முதல் வடிவம் இப்படி எழுதிய பதில் பக்கம்தான்.

அன்றாடம் காண்பதையும் கேட்பதையும் குறித்துவைக்க நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். கைப்பேசியில் குறித்துக்கொள்வதும் சரிதான், வாரம் ஒரு முறை நோட்டில் ஏற்றிவிட வேண்டும். மனிதர்கள் சொன்ன வார்த்தைகளை அப்படியே, விலைகளை ரூபாய் பைசாவோடு, தேதியை வருடத்தோடு எழுதுங்கள். உணர்ச்சிகளைப் பிறகு மீட்டெடுக்கலாம், விலைகளை மீட்டெடுப்பது கடினம்.

பொருள் எங்கே கிடைக்கும்: ஓர் எடுத்துக்காட்டு

பெரிய பொருள்களைத் தேடாதீர்கள். ஜார்ஜ் ஆர்வெல் 1946 ஜனவரியில் ஒரு லண்டன் மாலைப் பத்திரிகைக்கு நல்ல தேநீர் போடுவது எப்படி என்று பதினொரு விதிகளோடு ஒரு கட்டுரை எழுதினார். அரசியலையும் போரையும் பற்றி எழுதிய அதே கவனத்தைக் கெண்டிக்கும் தேயிலைக்கும் கொடுத்திருக்கிறார். அந்தக் கட்டுரையை இன்றும் தேடிப் படிக்கிறார்கள்.

ஒரு பொருளை எடுத்து நாமே செய்து பார்ப்போம். பாத்திரத்துக்கு ஈயம் பூசுவது. நடுவயதைத் தாண்டியவர்கள் பலருக்கு இது கண்ணால் பார்த்த காட்சி. ஈயம் பூசுகிறவர் தெருமுனையில் சின்னக் குழி வெட்டி, கரியைக் கொட்டி, துருத்தியால் ஊதி நெருப்பு மூட்டுவார். பித்தளைப் பாத்திரத்தைக் காய்ச்சி, உள்ளே நவச்சாரத் தூளைத் தூவினால் வெள்ளைப் புகை கிளம்பும், மூக்கு எரியும். சூட்டோடு ஈயத் துண்டை ஒரு தேய்ப்புத் தேய்த்து, துணியால் சுற்றித் துடைப்பார். மங்கிக் கிடந்த உட்புறம் வெள்ளி மாதிரிப் பளபளக்கும். உடனே தண்ணீர்.

இவ்வளவும் ‘க’. பார்த்தவர் எல்லாருக்கும் எழுத வரும். இதோடு நிறுத்திவிட்டால் ‘அந்தக் காலம் போச்சே’ என்ற ஏக்கம் மட்டும் மிஞ்சும். ஏக்கம் உண்மையானதுதான், ஆனால் இரண்டு பக்கத்துக்கு மேல் தாங்காது. ஆகவே கேட்கப் போங்கள். பாட்டியிடம் கேட்டால், பூச்சுப் போன பித்தளையில் புளி ஊற்றிச் சமைத்தால் களிம்பு ஏறிக் குமட்டும் என்பார். எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை பூசக் கொடுத்தார்கள், யார் கொண்டுபோய்க் கொடுப்பது, கூலி காசாகவா அரிசியாகவா, பூசுகிறவர் எந்த ஊரிலிருந்து வந்தார், அவருடைய பிள்ளைகள் என்ன வேலைக்குப் போனார்கள்? கடைசிக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால் கட்டுரை ஒரு சமையல் பாத்திரத்தை விட்டு ஒரு குடும்பத்தின் கதைக்குள் நுழைந்துவிடும். இன்னும் அந்தத் தொழிலைச் செய்கிறவர் அருகில் இருந்தால் அரை நாள் பக்கத்தில் உட்காருங்கள். அவர் கருவிகளுக்கு என்ன பெயர் சொல்கிறாரோ அதையே எழுதுங்கள்.

அப்புறம் சரிபார்ப்பது. பாத்திரத்தில் பூசுவது வெள்ளீயம். காரீயம் உடம்புக்கு நஞ்சு. இரண்டையும் குழப்பி எழுதினால் படிக்கிறவருக்கே ஆபத்து. இன்னொன்று: எவர்சில்வர் வந்ததால்தான் இந்தத் தொழில் மெலிந்தது என்று எல்லாரும் சொல்வார்கள். சேலம் உருக்காலை வந்த பிறகுதான் எவர்சில்வர் பரவியது என்று எழுதக் கை துறுதுறுக்கும், படிக்கவும் நன்றாக இருக்கும். ஆனால் சேலம் உருக்காலை உற்பத்தியைத் தொடங்கியது 1981இல். அதற்கு வெகு முன்பே கல்யாணச் சீர்வரிசையில் எவர்சில்வர் குடம் ஏறிவிட்டது. அப்படியானால் தகடு எங்கிருந்து வந்தது, யார் பாத்திரமாக அடித்தார்கள், நடுத்தர வீடு எதை விற்று அதை வாங்கியது? பழைய பித்தளையைப் போட்டுவிட்டு எவர்சில்வரை எடுத்துக்கொண்டு போனவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். பழைய வார இதழ்களின் பாத்திர விளம்பரங்களில் ஆண்டு கிடைக்கும். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இப்படிப்பட்ட பழைய இதழ்கள் ஏராளம். கோட்டையூரில் தனி ஒருவர் சேர்த்த சேகரிப்பு அது. ஒரு தேதியைச் சரிபார்க்கப் போய் மூன்று நல்ல கேள்விகளோடு திரும்பி வருகிறோம். கட்டுரையின் திருப்பம் இந்த மாதிரி இடத்தில்தான் கிடைக்கும்.

எழுத உட்காரும்போது

முதல் பத்தியை அழகாக எழுத மணிக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டாம். உங்களுக்கு மிகத் தெளிவாகத் தெரிந்த இடத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஈயக் கட்டுரையில் அது நவச்சாரப் புகையாக இருக்கலாம். முழுவதும் எழுதி முடித்தபின் முதல் பத்தியை விரலால் மறைத்துக்கொண்டு இரண்டாவதிலிருந்து படித்துப் பாருங்கள். பல நேரம் கட்டுரை அங்கேதான் தொடங்குகிறது.

நடையைப் பற்றி நிறைய அறிவுரைகள் உலவுகின்றன. நான் இரண்டை மட்டும் உறுதியாகச் சொல்வேன். வாய்விட்டுப் படியுங்கள். தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருவதால், எச்சங்களை அடுக்கிக்கொண்டே போனால் கேட்கிறவர் முடிவுக்காகக் காத்துக் களைத்துவிடுவார். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள். அடுத்து, பிறர் பேச்சை எழுதும்போது அவர்கள் வட்டாரத்துச் சொல்லை மாற்றாதீர்கள். நெல்லைக்காரர் பேச்சு நெல்லைப் பேச்சாகவும் கொங்குக்காரர் பேச்சு கொங்குப் பேச்சாகவும் இருக்கட்டும். கட்டுரையாளர் குரல் பொதுத் தமிழில் இருந்தால் போதும். ஒற்றுப் பிழை இலக்கணக் கையேட்டைப் பார்த்தாலும், ர, ற குழப்பம் அகராதி பார்த்தாலும் தீரும். பார்க்கச் சோம்பல் படாதீர்கள். எழுத்தைக் கவனிக்காதவர் செய்தியையும் கவனித்திருக்க மாட்டார் என்று பத்திரிகை ஆசிரியர் நினைப்பது நியாயமே.

முடிவுக்காக நீதி தேட வேண்டியதில்லை. சொல்ல வேண்டிய கடைசிச் செய்தியைச் சொல்லியாயிற்றா? பேனாவை மூடுங்கள்.

வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே

கட்டுரைப் பழக்கம் அறுந்துபோகும் காலங்கள் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒன்றுதான்: முதல் வேலை, கல்யாணம், கைக்குழந்தை, பெற்றோரின் நோய். இந்தக் காலங்களுக்கென்று ஒரு சின்ன அளவை முன்கூட்டியே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் நம்பிக்கை.

சார்ல்ஸ் லாம் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்தில் முப்பத்துமூன்று ஆண்டுகள் கணக்கு எழுதினார். வீட்டில் மனநோயால் துன்பப்பட்ட அக்காவை ஆயுள் முழுவதும் பார்த்துக்கொண்டார். இலியா என்ற பெயரில் அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைகள் 1820இல் வரத் தொடங்கியபோது அவருக்கு நாற்பத்தைந்து வயது. அலுவலகமும் பழைய குமாஸ்தாக்களும் அவருக்குக் கட்டுரைப் பொருளாகவே வந்து சேர்ந்தார்கள். வேலை எழுத்தைத் தின்றுவிடுகிறது என்று வருந்துகிறவர்கள் லாமின் இந்தக் கட்டுரைகளைப் படித்தால் தங்கள் அலுவலகத்தை வேறு கண்ணோடு பார்ப்பார்கள்.

மா. கிருஷ்ணன் காட்டுவது வேறு வழி. ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950இல் தொடங்கிய இயற்கைக் குறிப்புப் பத்தியை இரண்டு வாரத்துக்கு ஒன்றாக 1996இல் இறக்கும்வரை எழுதினார். நாற்பத்தாறு ஆண்டுகள். அந்த இடைவெளிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தினமும் எழுத வேண்டும் என்று சபதம் போடுகிறவர்கள் ஒரு மாதத்தில் ஓய்ந்துவிடுகிறார்கள். மாதம் ஒன்று என்றால் மறந்துபோகிறது. இரண்டு வாரத்தில் ஒரு கட்டுரையை இரு முறை படித்து, அதற்கு ஒரு பக்கம் பதில் எழுதுவது கைக்குழந்தை இருக்கும் வீட்டிலும் முடிகிற காரியம். அந்தப் பக்கங்களில் ஆண்டுக்கு இரண்டோ மூன்றோ முழுக் கட்டுரையாக வளர்ந்தால் அது நல்ல விளைச்சல்.

படித்துக் காட்ட ஒருவர் வேண்டும். பெரிய வட்டம் அவசியமில்லை. இன்னொரு கட்டுரைப் பிரியர் போதும். அவரிடம் ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கு’ என்றுதான் சொல்வார். ‘எந்த இடத்தில் நம்ப முடியவில்லை? எங்கே தாவிவிட்டீர்கள்?’ என்று கேளுங்கள். இதழுக்கு அனுப்பும் முன் அந்த இதழின் கடைசிச் சில இலக்கங்களைப் படித்து, அவர்கள் எவ்வளவு நீளம் போடுகிறார்கள் என்று பாருங்கள். அனுப்பியதற்குப் பிரதி வைத்துக்கொண்டு அடுத்ததை ஆரம்பித்துவிடுங்கள்.

பழைய கட்டுரையைத் திரும்ப எடுப்பது

அச்சானதும் கட்டுரை முடிந்துவிட்டது என்று நினைப்பது பத்திரிகை வேலைக்குச் சரி. ஆயுள் பழக்கத்துக்கு அது பொருந்தாது. ஃபிரான்சிஸ் பேக்கனின் கட்டுரை நூல் 1597இல் பத்துக் கட்டுரைகளோடு வந்தது. 1612இல் முப்பத்தெட்டு ஆயிற்று, 1625இல் ஐம்பத்தெட்டு. புதியன சேர்த்ததோடு பழையவற்றையும் விரித்து எழுதினார்.

இந்த வடிவத்துக்கே பெயர் வைத்த மிஷேல் தெ மொந்தேன் இன்னும் தூரம் போனவர். 1571இல், முப்பத்தெட்டாம் வயதில், நீதிமன்றப் பதவியை விட்டுவிட்டுத் தம் வீட்டுக் கோபுர நூலகத்துக்குள் போய் உட்கார்ந்தார். உத்தரங்களில் தமக்குப் பிடித்த கிரேக்க, லத்தீன் வாசகங்களை எழுதிவைத்திருந்தார். 1580இல் முதல் இரண்டு தொகுதிகள் வந்தன. 1588இல் மூன்றாவது தொகுதியோடு புதிய பதிப்பு. அதன் ஒரு பிரதியை எடுத்து, 1592இல் இறக்கும்வரை ஓரங்களில் எழுதிக்கொண்டே இருந்தார். முன்பு சொன்னதை அழித்துத் திருத்துவதைவிட, பக்கத்தில் புதிதாகத் தோன்றியதைச் சேர்ப்பதே அவருக்குப் பிடித்தது. அதனால் நாற்பது வயது மொந்தேனும் ஐம்பத்தைந்து வயது மொந்தேனும் ஒரே பத்தியில் பேசுகிறார்கள். அந்தப் பிரதி போர்தோ நகர நூலகத்தில் இருக்கிறது. எந்த வரி எந்தக் காலத்தது என்று காட்டப் பின்வந்த பதிப்பாசிரியர்கள் மூன்று அடுக்குகளாகக் குறியிட்டு அச்சிட வேண்டியிருந்தது.

உங்கள் விஷயத்தில் அந்த வேலையை நீங்களே எளிதாக்கிவிடலாம். கட்டுரைகளை அகலமான ஓரம் விட்டு, தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்செடுத்துக் கோப்பில் போடுங்கள். முதல் பக்கத்தின் தலையில் எழுதிய மாதமும் ஆண்டும் இருக்கட்டும். பிறகு எப்போதாவது ஈயம் பூசுவதைப் பற்றிப் புதிதாக ஒன்று தெரியவந்தால், அல்லது அன்றைய கருத்து இன்று மாறியிருந்தால், வேறு நிற மையில் ஓரத்தில் எழுதி அதற்கும் தேதி போடுங்கள். மூலத்தை அடிக்க வேண்டாம். ஓரம் நிரம்பிவிட்ட கட்டுரையை முதலில் வெளியே எடுங்கள். புதிதாக எழுதத் தகுதி பெற்றுவிட்ட பொருள் அதுதான்.